வெண்கட்டிக் கோட்டில் நடந்த மின்சாரம்

இப்போது மின்சுற்றைக் கணினித் திரையில் வரைந்து, அங்கேயே ஓட்டியும் பார்த்துவிடுகிறார்கள். எழுபதுகளில் இலங்கையின் பெல்மதுளையில் நான் ரேடியோ வகுப்பு நடத்தியபோது எங்களுக்கு இருந்தது ஒரு துணிக்கடையின் பின்னறையும் அதன் சிமெந்துத் தரையும்தான். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, ஒரு டிரான்சிஸ்டர் கருகினால் அடுத்தது எப்போது வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதனால் ஈயம் உருக்கிப் பாகங்களைப் பற்றவைக்கும் முன் நடந்து பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். வெண்கட்டியால் சுற்றைத் தரையில் பெரிதாக வரைவோம். பிள்ளைகள்தான் மின்சாரம். பெட்டரியின் கூட்டல் முனையில் புறப்பட்டு, அம்புக்குறி காட்டும் பக்கமாக டிரான்சிஸ்டரைத் தாண்டி, கழித்தல் முனைக்கு வந்து சேர வேண்டும். எனக்கோ உட்காரவே வராது. கடைசி பஸ்ஸை நினைத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துகொண்டிருப்பேன்.

அன்றைக்கு அந்தத் தவிப்பு இரண்டு மடங்கு. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி, தன் அம்மாவுக்குக் காது கேட்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தாள். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி பெயர் கூப்பிடுவது அம்மாவின் காதில் விழுவதில்லை. இனியும் இப்படியென்றால் வேலையிலிருந்து பேர் வெட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு டிரான்சிஸ்டர். பெட்டரியை முனை மாற்றிக் கொடுத்தால் அது செத்துவிடும்.

பிள்ளைகள் நடந்தார்கள்.

“ஹரி மாஸ்டர், வந்து சேந்துட்டோம்!” என்றான் ஒருவன்.

எனக்கு எங்கோ உறுத்தியது. குனிந்து பார்த்தால், நான் போட்ட கூட்டல் குறியை அழித்து மறுமுனையில் போட்டிருந்தார்கள். அம்புக்குறிக்கு நேரெதிராக நடந்திருக்கிறார்கள்!

“யாரு இதை மாத்தினது?”

“நாங்கதான் மாஸ்டர். நீங்க போட்ட மாதிரி போனா இடமா சுத்தணும். அது சுடுகாட்டுல சுத்துறதுங்க. அவங்கம்மாவுக்குச் செய்யிற சாமான் இல்லீங்களா?”

அட கடவுளே! கோயிலைச் சுற்றிப் பழகிய கால்கள். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பிள்ளைகள்கூட மறுபேச்சில்லாமல் வலம் வந்திருந்தார்கள்.

“கரண்டுக்குச் சாமியும் இல்ல, பேயும் இல்லடா!” என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. வெளியே பஸ்காரன் வேறு கோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

அவள்தான் எழுந்தாள். கூட்டல் குறியைப் பழைய இடத்தில் போட்டாள்.

“எங்கம்மாவுக்குக் காது கேட்டாப் போதும் மாஸ்டர். நான் எந்தப் பக்கமும் சுத்துவேன்.”

தனியாக, இடமாக, கோடு பிசகாமல் நடந்து முடித்தாள். பிறகு உட்கார்ந்து, நடந்த வழிப்படியே ஈயம் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிவந்தாள். இயர்போனை அவர் காதில் செருகி, பழைய டெலிபோனில் கழற்றிய மைக்கைத் தன் வாயருகே பிடித்து, வழக்கம்போல அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

“அம்மோவ்!”

அம்மா துள்ளி விழுந்தார். “ஏன்டி இந்தக் கத்து கத்துற? மெதுவாப் பேசேன்!”

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அம்மாவிடம் மெதுவாக எப்படிப் பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.