பட்டை போட்ட வைடூரியம்

கல்லூரியில் ஒளியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, வளைகுடாவிலிருந்து மகன் கொண்டுவந்த பட்டை தீட்டும் இயந்திரம் ஒரு விளையாட்டுப் பொருளானது. கல்லைக் குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, சுழலும் தட்டில் சரியான கோணத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு பட்டை விழும். உள்ளே போன ஒளி பட்டைகளில் மோதித் திரும்பி வரும், கல் மின்னும்.

மனைவி தக்கலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய மோதிரத்து வைடூரியத்தைக் கழற்றினேன். கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்த கல். தேன் நிறம், வெயிலில் காட்டினால் பூனைக்கண் போல நடுவே ஒரு வெள்ளைக் கோடு நகரும். மேற்புறம் வெறும் குமிழாக இருந்தது. பட்டை போட்டால் இன்னும் ஜொலிக்கும் என்று நினைத்தேன். அவளைக் கேட்கவில்லை.

முடித்துக் கழுவி வெயிலில் பிடித்தேன். கோட்டைக் காணோம். கல்லுக்குள் ஓடும் நுண்ணிய இழைகளில் தெறிக்கும் ஒளியை வளைந்த மேற்புறம்தான் ஒரே கோடாகச் சேர்க்கும். நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. தட்டையான பட்டைகள் அதைச் சிதறடித்துவிட்டன.

அவள் வந்து கேட்டபோது, “கல்லே மட்டம். கோடு தானா மங்கிட்டு, அதான் பட்டை போட்டுப் பாத்தேன்” என்றேன்.

“அப்போ எங்கப்பாவ ஏமாத்திட்டானுவ போல. பாவம், குழித்துறையில வெயில்ல பிடிச்சுப் பிடிச்சுப் பாத்துல்லா வாங்கினாரு” என்றாள்.

செத்துப்போன மனிதரை ஏமாளியாக்கியிருந்தேன். மறுநாள் காலை தோசைத் தட்டைத் தள்ளி வைத்தேன். “உங்கப்பா ஏமாறல்ல. நான்தான் கெடுத்தேன். பொய்யும் சொன்னேன்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் பாடம் எடுத்தியளா? மொதல்ல எங்கப்பாக்கிட்ட மன்னிப்பு கேளுங்கோ.”

சுவரில் இருந்த மாமனார் படத்தின் முன் கைகட்டி நின்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, சரி. திரும்ப உருட்டித் தாங்கோ. சின்னதா ஆனாலும் போதும்.”

பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் தேய்க்கத் தேய்க்க, கல்லை வாங்கி முற்றத்து வெயிலில் பார்த்துவிட்டு வந்தாள். பட்டைகள் ஒவ்வொன்றாக அழிந்து குமிழ் திரண்டபோது, முற்றத்திலிருந்து கத்தினாள்: “கேட்டியளா, வந்துட்டு!”

கல் பாதியாகிவிட்டது, கோடு சற்று ஓரமாக ஓடுகிறது. கோயிலில் யாராவது மோதிரத்தைக் கேட்டால், “அப்பா வாங்கினது, இவ்வொ தேச்சது” என்று என்னைக் காட்டுகிறாள். நான் ஏன் தேய்த்தேன் என்று அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கருணைக்கு வேறு கைம்மாறு தெரியாமல், நானே இங்கே சொல்லிவிட்டேன்.