வஞ்சிரத்துக்கு ஏழு நாள்

செம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். அக்கம்பக்கத்துக் கடைச் சாமான்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் ஆப்பைச் செய்துகொண்டிருந்தோம். அதற்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதுவது ஓர் அண்ணா, அதை டெஸ்ட் செய்து ஓட்டை தேடுவது நான். சேர்ந்து நாலு மாதம்தான். எதையாவது கண்டுபிடித்தே தீருவது என்று திரிந்தேன்.

அந்த மாதம் மீனைச் சேர்த்தார்கள். ஜாவா கோடில் 'பொருள்' என்றொரு பேரன்ட் கிளாஸ், எல்லாச் சாமானுக்கும் பொதுவான தாய் அச்சு, முன்பே இருந்தது. செருப்பு, குக்கர், தலையணை எல்லாம் அதன் பிள்ளைகள். அண்ணா மீனையும் அதற்கு ஒரு பிள்ளையாக்கி, எடையையும் வெட்டும் விதத்தையும் மட்டும் புதிதாக எழுதினார். மற்றதெல்லாம் பேரன்டிலிருந்து தானாக வந்துவிடும். வாங்கியதை ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதும் அப்படித்தான் வந்தது.

மீன் விற்க முதலில் சம்மதித்தவர் தாம்பரம் மேற்கில் கடை போடும் ஓர் அக்கா. எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் தருபவர். வேண்டாம் வேண்டாம் என்றவரைப் பேசிப் பேசிச் சேர்த்துவிட்டது நான்தான்.

மீனுக்கும் ஏழு நாள் என்ற பிழையை எழுதி அனுப்பினேன். 'பேரன்ட் டெஸ்ட் ஆகிவிட்டது' என்று அண்ணா அந்தப் புகாரை மூடிவிட்டார். திறந்தேன். மூடினார். மூன்றாம் முறை அவர் மேசைக்கே போனேன்.

"அதே கோடுதாம்மா சைல்டுலயும் ஓடுது. ஒருவாட்டி பாஸ் ஆனத எதுக்குத் திரும்ப டெஸ்ட் பண்ற?"

"கோடு அதேதான் அண்ணா. மீனு நாறுமே."

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மேலாளரிடம் போனால், ரிலீஸ் முடியட்டும், பார்ப்போம் என்றார். ரிலீஸும் முடிந்தது.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தார். ஞாயிறு விற்ற வஞ்சிரத்தை யாரோ திருப்பிவிட்டார்களாம். டெலிவரிக்காரர் பையோடு கடை வாசலில் வந்து நிற்கிறாராம்.

"ஆப்புல எட்த்துக்கணும்னு கீதாமே? நான் இன்னா மீனு வித்தேனா, செருப்பு வித்தேனா? வந்தவங்கல்லாம் மூக்கப் பொத்திகினு போறாங்கமா."

அதன்பிறகு அண்ணா பத்தே நிமிடத்தில் திருத்தினார். இது ரிக்வயர்மென்டிலேயே இல்லையே என்ற முணுமுணுப்போடு. பேரன்டுக்கு எழுதிய டெஸ்ட் அத்தனையையும் மீன்மேல் ஓட்டிப் பார்த்தேன். மத்தி மீனுக்குப் பரிசுத்தாள் சுற்றித் தரும் வசதியும் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கடைக்குப் போய், திருத்தியதைப் போனில் காட்டினேன். அக்கா சங்கரா மீனின் செதிலை எடுத்தபடியே பார்த்தார்.

"நீ சரி பண்ட்டமா, இல்லங்கல. அன்னிக்கு மூக்கப் பொத்திகினு போனவங்களாண்ட யாரு போயி சொல்றது? என் பேர எட்த்துடு. இப்பவே, என் கண்ணு முன்னால."

அவர் போனை வாங்கி, ஆப்பிலிருந்து அவர் கடையை நீக்கினேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று ஆப் இரண்டு முறை கேட்டது. அது மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.