கேத்திலில் வடித்த அல்டிகைட்டு

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் அக்காவின் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பென்சல்டிகைட்டு என்ற இரசாயனத்தின் போத்தல் காலியாகக் கிடந்தது. அது போன்ற அரோமற்றிக் அல்டிகைட்டோடு அசற்றோனையும் காரத்தையும் சேர்த்தால் மஞ்சள் படிவு வரும். இந்த வருடம் அந்தப் பரிசோதனையைப் புத்தகத்தில் பார்த்து எழுதினால் போதும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

அக்காவுக்குப் போதவில்லை.

"தடை போட்டவங்கள் கறுவாவை மறந்து போனாங்கள்" என்றாள். கறுவாவுக்கு வாசம் தருவதே ஓர் அரோமற்றிக் அல்டிகைட்டுத்தானாம்.

மறுநாள் மத்தியானம் அக்கா, அம்மா பொத்திவைத்திருந்த கறுவா முழுவதையும் இடித்துத் தண்ணீரோடு கேத்திலில் கொதிக்கவைத்தாள். கேத்தில் மூக்கில் சேலைன் குழாயைச் செருகி, பிசைந்த மாவால் அடைத்தாள். குழாயைக் குளிர்த்த ஈரத்துணியை ஓயாமல் மாற்றினாள். பால்போல் கலங்கிய துளிகள் போத்தலில் விழத் தொடங்கியபோது குண்டு போடும் பொம்மர் விமானம் இரைந்தது.

அம்மா என்னைப் பங்கர்க் குழிக்கு இழுத்துக்கொண்டே கத்தினார்.

"எடியே, ஓடி வாடி!"

"நீங்கள் போங்கோ அம்மா. விட்டால் கறுவா கருகிப்போம். வேறை இல்லை."

"உயிரை விடக் கறுவா பெரிசோ?"

"பொம்மர்க்காரன் கேட்டால் சொல்லுங்கோ, எனக்கு இண்டைக்குப் பிறக்டிக்கல் எண்டு."

முதல் குண்டு எங்கோ தள்ளி விழுந்தது. "அசையாதை, அவளை இழுத்துக்கொண்டு வாறன்" என்று அம்மா மேலே ஏறினார். வரவில்லை. இரண்டாவது குண்டுக்கு என் தலையில் மண் உதிர்ந்தது. எனக்கு எட்டு வயது.

இரைச்சல் அடங்கி வெளியே வந்தபோது, அடுப்படியில் அக்கா போத்தலைப் பிடித்திருந்தாள். ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தது அம்மா.

"ஏன் வரேல்லை?" என்று அழுதேன்.

"அவள் சோதினை எழுதப் போறாள்" என்றார் அம்மா, நிமிராமலே.

மச்சாளின் கலியாணத்தில் மிஞ்சிய நகப்பூச்சு அழிக்கும் அசற்றோனையும், சவர்க்காரம் காய்ச்சும் வீட்டில் கேட்டு வாங்கிய எரிசோடாக் காரத்தையும் அக்கா அந்த வடிநீரில் கலந்தாள். நகக்கண்ணளவு மஞ்சள் படிவு அடியில் தங்கியது. அதைக் கடதாசியில் மடித்து ஆசிரியரின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் நான் இருவரோடும் கதைக்கவில்லை. ஒரு சிட்டிகை மஞ்சள் தூளுக்காக என்னைக் குழிக்குள் விட்டுவிட்டார்கள் என்பதே என் கணக்கு.

எனக்கும் இப்போது இரண்டு பிள்ளைகள். ஒருவர் வீடு திரும்பச் சற்றுப் பிந்தினாலும் வாசலுக்கு ஓடுகிறேன். அன்று அம்மாவால் அக்காவை இழுத்துவர முடியவில்லை. தனியே விட்டுவரவும் முடியவில்லை. நான் பங்கருக்குள் பத்திரமாக இருந்த துணிவில்தான் அவர் அங்கே உட்கார்ந்தார் என்பது அந்த எட்டு வயதுக்கு எட்டவில்லை.