ஒருத்தரு ஒருத்தரா

அவர் முன்னால் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பேச முடியாது. உடனே கையை உயர்த்தி, "ஒருத்தரு ஒருத்தரா பேசுங்க, குழம்பிடும்" என்பார். எண்பதுகளின் கடைசியில், தருமபுரியில் ரேஷன் கார்டு பட்டியல் அச்சடித்துக் கொடுத்த ஒரு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவர் எங்களுக்குப் புரோகிராம் எழுதித் தந்த பெங்களூர்க்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

ஏரியூர்ப் பட்டியல் பாதியில் நின்று, மூன்று நாள் வீணான பிறகு வந்தார். மதியம் வரை குடைந்துவிட்டு, டீக்கடையில் என்னிடம் சொன்னார்:

"நான் எழுதின லைப்ரரிலதாம்மா தப்பு, புரோகிராம் அப்பப்ப கூப்பிட்டுக்கற பொதுத் தொகுப்பு அது. உள்ள ரெண்டு த்ரெட், நூல் மாதிரி, ஒரே சமயத்துல ஓடுது. ரெண்டும் ஆளுக்கொரு சின்ன வேலையை, பிள்ளைன்னு சொல்வோம், தனியா அனுப்பிட்டு, அது முடிஞ்ச சேதிக்குக் காத்திருக்கும். சேதி ஒரு தடவைதான் வரும். ஒரு நூலோட பிள்ளை முடிஞ்ச சேதியை இன்னொரு நூல் வாங்கிடுச்சு. சேதி வர வேண்டிய நூல் இன்னும் காத்துட்டே நிக்குது."

"அப்ப எம்மேல தப்பில்லைங்களா சார்?"

"உம்மேல என்னம்மா தப்பு?"

சாயங்காலம் முதலாளியிடம், "ஆபரேட்டர் நடுவுல எதையோ அழுத்திட்டாங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். கை உயர்ந்தது.

"ஒருத்தரு பேசறப்ப இன்னொருத்தரு பேசக் கூடாதும்மா."

மறுநாளிலிருந்து என்னை வர வேண்டாம் என்றார்கள். லைப்ரரியை மட்டும் சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போனாராம்.

அன்றைக்கு மாரண்டஹள்ளி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்து என்னைப் பேசச் சொல்வார் என்று, கடைசி வரை அந்த மனுஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.