எண்ணெய் எண்டா என்ன?

கட்டாரிலிருந்து வந்த பெட்டியை முற்றத்தில் வைத்து உடைத்தபோது, உள்ளே புல்லு வெட்டுற மெசின் இருந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த தங்கச்சி, "என்ன ராத்தா, சோப்பு, சென்ட் ஒண்டுமில்லையா?" என்று கேட்டாள். அவளுடைய வீடும் எங்கள் உம்மாவின் வளவில்தான், என் வீட்டுக்கு அடுத்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மகள்ட வாப்பா, அதாவது என் கணவர், கட்டாரில் பெரிய பங்களாக்களின் புல்தரை வெட்டுகிறவர். கம்பனி கழித்த பழைய மெசின் ஒன்றை வாங்கிக் கார்கோவில் போட்டுவிட்டார். நான்கு சில்லு, பின்னால் நின்று தள்ளிக்கொண்டு நடக்க ஒரு கைபிடி, புல்லு விழ ஒரு பை. அவ்வளவுதான் அது. ஆனால் அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. சைன் வைத்தால் இன்னும் இரண்டு வருடம். "இந்த மெசினுக்கு ஊர்ல வேலை கிடைச்சா சைன் வைக்கல்ல புள்ள, வந்திருறன்" என்று சொல்லியிருந்தார்.

வேலை ஒன்று இருந்தது. நிந்தவூர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய கலியாண ஹோலுக்கு முன்னால் புல்லு விரித்திருக்கிறார்கள். அதை வெட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார் அதன் மேனேஜர். நான் போய்க் கேட்டபோது, "மெசின் ஓடுறத முதல்ல வீடியோ எடுத்து அனுப்புங்க, பாப்பம்" என்றார். வீடியோவுக்கு என் வளவே போதும் என்று அப்போதே நினைத்துவிட்டேன். மாரி முடிந்த கையோடு புல்லு முழங்காலுக்கு நின்றது. கலியாணம் முடித்து நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்த காலத்தை விட போனில் கதைத்த காலம்தான் கூட. எனக்கு என் மனிசன் வேணும். வேறு ஒரு ஆசையும் அந்த மெசின் மேல் எனக்கு இல்லை.

ஆனால் அது என்ன சாதி மெசின் என்றே தெரியவில்லை. ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. தங்கச்சியின் புருசன் கடலுக்குப் போகிறவர். எஞ்சின் என்றாலே அவருக்குத் தன் படகில் பூட்டிய போட்டு எஞ்சின்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சி, இதுக்குப் பெற்றோலோட டூ ரீ ஒயில் கலந்து அடிக்கணும்" என்றார்.

"எப்படித் தெரியும் மச்சான்?"

"எல்லாத்துக்கும் அப்படித்தானே!"

எனக்கு அது சரியாகப் படவில்லை. மகள்ட வாப்பாவுக்கு வொய்ஸ் போட்டேன். அவர் வேலை நடுவில் நின்று பதில் போட்டார். பின்னால் ஒரே இரைச்சல். "மூடி எத்தனை எண்டு பாரு. ஒண்டு எண்டா கலக்கணும். ரெண்டு எண்டா கலக்கத் தேவல்ல, அது போர் ஸ்ட்ரோக் எஞ்சின். எண்ணெய் பாத்து ஊத்திட்டுக் கயித்த இழு."

மூடி இரண்டு இருந்தது. பெரிய மூடிக்குக் கீழே பெற்றோல் டேங்க். சின்ன மூடியைத் திருகினால் அதோடு சேர்ந்து ஒரு நீளக் குச்சி வந்தது. முனையில் கறுப்பாகக் கொஞ்சம் ஈரம். "இது உள்ளுக்குக் குத்திப் பாக்கிற ஓட்டை, மூடி வைங்க மச்சி" என்றார் மச்சான். மூடி வைத்தேன். கலக்கத் தேவையில்லை என்று மகள்ட வாப்பாவே சொல்லிவிட்டாரே! கேனில் இருந்த பெற்றோலை டேங்கில் ஊற்றினேன், ஒரு சொட்டுச் சிந்தாமல்.

பிஸ்மி சொல்லி இழுத்தேன். முதல் இழுவைக்குத் தும்மியது. பிறகும் இழுத்தேன். பற்றிக்கொண்டு நின்றது பாருங்கள், ஆத்தாடி, வளவில் இருந்த கோழியெல்லாம் மதில் ஏறிவிட்டது! தென்னைக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு நீளம் போய்த் திரும்பினேன். பின்னால் பாய் விரித்த மாதிரிப் புல்லு படுத்துக் கிடந்தது. தங்கச்சி போனைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா இஞ்சால பாருங்க, சிரிங்க" என்று கத்தினாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது நீளத்தில் சத்தம் மாறியது. இரும்போடு இரும்பு உரசுகிற மாதிரி ஒரு முனகல். கருகல் மணம் வந்தது. நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தேன், வரவில்லை. மச்சான் இழுத்தார், அவருக்கும் வரவில்லை. கயிற்றை விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "மச்சி, மெசின் மௌத்து" என்றார், ஆள் செத்ததை அறிவிக்கிற மாதிரி.

இன்னொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு அவரை வேலிக்கு அங்கால் போகச் சொல்லிவிட்டேன்.

மகள்ட வாப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எண்ணெய் ஊத்தினியா?" என்றார்.

"ஊத்தினதான்! டேங்க் நிறைய ஊத்தினன்."

"டேங்க்ல எங்க புள்ள எண்ணெய் ஊத்துற? அந்தச் சின்ன மூடிக்குள்ள ஊத்தின நீயா?"

"அதுக்குள்ள என்னத்துக்குப் பெற்றோல்?"

அவர் தலையில் கை வைத்தார். "நான் பெற்றோலக் கேக்கல்ல. எஞ்சினுக்குள்ள விடுற எண்ணெய். கார்கோக்காரன் எல்லாத்தையும் வடிச்சிட்டுத்தான் அனுப்புவான்."

"அது ஒயில்!" என்றேன். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒயில எண்ணெய் எண்டு சொல்ற மனிசன் கல்முனையில எங்க இரிக்கி? இஞ்ச எண்ணெய் எண்டா பெற்றோல். பெற்றோல் அடிக்கிற எண்ணெய் செட்டுக்குப் போறன் எண்டா ஒயில் வாங்கவா போற?"

கொஞ்சம் யோசித்தார். "எங்கட போர்மன் மலையாளி புள்ள. அவன் ஒயில எண்ண, எண்ண எண்டுதான் சொல்ற. எனக்கும் வாயில வந்திட்டு" என்றார். பாவமாக இருந்தது. சண்டை பிடிக்க வந்த வாய் அதோடு மூடிக்கொண்டது. ஒரு சொல்லை அங்கே தொலைத்துவிட்டு, தொலைத்ததும் தெரியாமல் இருந்திருக்கிறாரே!

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். போனைக் கிணற்றுக் கட்டில் சாத்தி வைத்தேன். எஞ்சின் ஆறும்வரை தொடவேண்டாம் என்றார். ஆறியதும் மச்சானைத் திரும்பக் கூப்பிட்டுத் ஸ்பானர் வாங்கி, எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். அந்த ஓட்டைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, விடியும்வரை ஊறவிட்டேன். தொழுகையில் என்ன கேட்டேன் என்று சொல்லத் தேவையில்லை.

காலையில் காற்று வடிகட்டி மேலே இருக்கிற மாதிரி மெசினைச் சரித்து, துணி சுற்றிய கையால் அடியில் உள்ள வெட்டுப் பிளேட்டை மெல்ல அசைத்தேன். அசையவில்லை. அங்கால், இங்கால் என்று ஆட்டிக்கொண்டே இருந்தேன். "பெலத்தக் குடுக்காத, பொறுமையா, பொறுமையா" என்று போனிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. மயிரளவு நகர்ந்தது. அடுத்த தரம் அரைச் சுற்று வந்தது. பிறகு முழுச் சுற்று. "வருது!" என்று கத்தினேன். மெசினை நிமிர்த்தி, சின்ன மூடிக்குள் ஒயில் விட்டு, குச்சியில் இருந்த கோட்டுக்குச் சரியாக நிற்கிறதா என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிளக்கைப் பூட்டி இழுத்தேன். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பற்றியது. புகை அடங்கியதும், நேற்று நின்ற இடத்திலிருந்து மிச்சத்தை வெட்டினேன், தங்கச்சி வீடியோ எடுத்தாள்.

நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்த மேனேஜர், "மாசா அல்லாஹ், நல்ல வெட்டு. அவர வேலைக்கு வரச் சொல்லுங்க" என்று பதில் போட்டார். அதை அப்படியே மகள்ட வாப்பாவுக்கு அனுப்பினேன்.

பின்னேரம் வீடியோ கோல் எடுத்தார். நல்ல சந்தோசம் அவருக்கு. "எனக்கு மேல வேலை செய்ற நீ. அப்ப ஒரு ஆளச் சம்பளத்துக்கு வச்சி நீயே பாத்துக்க. நான் இன்னும் ரெண்டு வருசம் செஞ்சிட்டு வாறன். மகளுக்கு வீடும் கட்டணுமே" என்றார்.

யா அல்லாஹ்! இந்த மனிசனைக் கூப்பிடத்தான் நான் அந்த இரும்போடு மல்லுக்கட்டினேன். சரியாகச் செய்ததே பிழையாகப் போய்விட்டது.

அழவில்லை. கோபத்தில் எனக்குக் குரல் தணிந்துதான் வரும். "மகளுக்கு வீடு இரிக்கும், வாப்பா இரிக்க மாட்டார். எனக்கு மெசின் வேணாம், வீடும் வேணாம். நீங்க வேணும்" என்றேன். "டேங்க்ல பாதிக்குப் பெற்றோல் கிடக்கு. ஒரு மாசத்துக்கு மேல கிடந்தா பழுதாகி எஞ்சின அடைச்சிப்போடும். மச்சான்ட போட்டு எஞ்சினுக்கு நடந்ததக் கண்ணால பாத்தனான். நீங்க மாசக் கடைசியில வாற எண்டா அப்படியே விடுறன். வர ரெண்டு வருசம் எண்டா பெற்றோல இப்பவே வெளிய இறக்கி, மெசினச் சாக்கால மூடி வைக்கிறன். ஒரு ஆளையும் தொட விடமாட்டன். சொல்லுங்க. இறக்கவா, விடவா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், காது மட்டும்தான் தெரிந்தது.

"இறக்காத புள்ள" என்றார். "கிடக்கட்டும்."