வாந்திபேதியை வாய்விட்டுச் சொன்னவர்

முனிரத்தினம் நாயுடு போய்விட்டார். சைக்கிள் கடை மஸ்தான் பாய் கனகம்மாசத்திரத்திலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து செய்தி சொன்னார். "மாரடைப்புன்னு சொல்லிகினு இருக்காங்க சார். வாந்திபேதி. நான் பக்கத்துலயே இருந்தேன்" என்றார்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது. திருத்தணி மலைக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டம் கனகம்மாசத்திரத்துக் கடைகளில் சாப்பிட்டு, அங்கேயே தண்ணீர் குடித்துவிட்டு நடக்கிற நேரம். இப்போது நாயுடுவின் குடல் கெடுவதைவிட இதயம் கெடுவதுதான் வியாபாரத்துக்கு நல்லது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பீற்றலும் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் பயணிகளுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் கம்பவுண்டராக இருந்தவர். மஸ்தான் பாய் கடையில் உட்கார்ந்துகொண்டு, "ரங்கூன்ல நோவு கண்டா நமக்குத் தந்தி வரும், கொழும்புக்கும் போவும். எந்த தேசமும் இதை மறைக்காது நைனா" என்பார். மறைத்த தேசங்களும் உண்டே என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். அடுத்த கிருத்திகை வந்து போகும்வரை என்னோடு பேசவில்லை.

யுத்தம் முடிந்தபின் நாடுகளெல்லாம் கூடி நோய்க்கென்றே ஒரு சபை அமைக்கப்போகின்றன என்று பத்திரிகையில் வந்தது. மகளுக்கு வரன் அமைந்ததைப்போல் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். அந்த உற்சாகத்தில்தான் போன வருஷம் திருத்தணி, சத்திரம், மணவூர் மூன்று ஊர்ப் பெரிய மனிதர்களையும் கூட்டினார். எந்த ஊரில் நோய் கண்டாலும் மற்ற இரண்டு ஊருக்கும் உடனே ஆள் அனுப்பிச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

வடை உண்டு என்று கேள்விப்பட்டு நானும் போயிருந்தேன். யார் தலைமை வகிப்பது என்பதில் காலைப்பொழுது போயிற்று. தெலுங்கில் பேசுவதா தமிழில் பேசுவதா என்பதில் வடை ஆறிப்போயிற்று. அங்கிருந்த எல்லாருக்கும் இரண்டும் தெரியும். கடைசியில் ஏகமனதாக ஒப்புக்கொண்டு, நோயைக் கண்காணிக்க ஆளும் நியமித்தார்கள். மணவூர் ஆள் திருத்தணியைக் கவனிப்பான். திருத்தணி ஆள் சத்திரத்தை. சத்திரத்து ஆள் மணவூரை. தன் ஊரைப் பார்க்க ஒருவரும் ஆள் வைக்கவில்லை.

இதென்ன கூத்து என்று நாயுடு கேட்டார். அவருடைய மைத்துனரும் சத்திரத்து மளிகைக் கடைக்காரருமான கோவிந்தசாமிதான் பதில் சொன்னார்: "எங்க ஊர்லதான் நோவே கிடையாதே பாவா. எதைப் பாத்துகினு இருக்கிறது?"

வெளியே வந்த நாயுடு, "பெரிய சபையிலயும் இப்படித்தான் ஒத்துக்குவாங்க போல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு ரங்கூன் தந்தியைப் பற்றி அவர் பேசி நான் கேட்கவில்லை.

இந்த ஆடியில் சத்திரத்தில் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். அஜீரணம் என்றார்கள். நாயுடு வீடு வீடாகப் போய்க் கிணற்றில் மருந்து கொட்டினார், பஸ் நிற்கிற இடத்தில் நின்று வாந்திபேதி என்று கத்தினார். கோவிந்தசாமி கெஞ்சிப் பார்த்தாராம்: "திருவிழா முடியட்டும் பாவா, தண்டோரா போட்டே சொல்லலாம்." அதற்கு நாயுடு கேட்டது: "முடிஞ்சப்புறம் அதைக் கேக்க யார் இருப்பாங்க?" அடுத்த வாரம் அவரே படுத்துவிட்டார்.

சுடுகாட்டிலிருந்து திரும்புகையில் கோவிந்தசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கித்தான் இருந்தது. "பாவாவைப் பத்தி நல்லதா எழுதுங்க சார். மாரடைப்புன்னே போட்டுடுங்க. அவருக்கும் கௌரவம்."

பத்திரிகையில் எழுதி ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறவன் நான். என் எழுத்தை என் மனைவிகூட நம்புவதில்லை. நாயுடுவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பொல்லாத வாய் ஒன்றுதான். அதைக் கொண்டே சொல்கிறேன். முனிரத்தினம் நாயுடு வாந்திபேதியில் இறந்தார். கனகம்மாசத்திரத்தில் நோய் இருக்கிறது. காவடி எடுத்து வருகிறவர்களே, அங்கே தண்ணீர் குடிக்காதீர்கள்.