திரும்பி நின்ற ‘அ’

வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் ஒருவன், ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ‘அ’வை இடவலம் மாற்றிக் கற்றுக்கொடுத்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்பலாம். அது நான்தான்.

ஒரகடத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு மழலையர் வகுப்பு நடக்கிறது. சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் அப்பா ஒரு ஷிஃப்ட், அம்மா ஒரு ஷிஃப்ட் என்று ஓடும் வீடுகளின் பிள்ளைகள் வருவார்கள். டீச்சர் பிரசவ விடுப்பில் போனபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கை தூக்கினேன். என் மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஒலி சொல்லிக்கொடுப்பது சுலபமாகத்தான் இருந்தது. வாயை அகலத் திறந்து ‘அ’ என்றேன். அதில் தொடங்கும் சொல் கேட்டேன். அணிலை எதிர்பார்த்தேன், அசெம்ப்ளி லைன் வந்தது. ‘ஓ’வுக்கு ஓணான் வரும் என்று காத்திருந்தால், ஒரு சின்னப் பெண், “ஓ.டி. எங்கப்பா இன்னிக்கு ஓ.டி.” என்றாள். ஓவர்டைமும் ‘ஓ’தானே, தவறு என்று எப்படிச் சொல்வது?

எழுத வைப்பதில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. எழுத்தை முதலில் உடம்பு பழக வேண்டும், விரல் பிறகு என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆகவே கரும்பலகையை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து காற்றில் பெரிய ‘அ’ போட்டேன். என் கை போகும் பக்கமே எல்லாக் கைகளும் போயின. நாற்று வயலில் காற்றடித்த மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் ஆயாம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “கொசு தொரத்துறீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் சிலேட்டுகளைக் கொடுத்தேன். மாலையில் ஓ.டி. பெண்ணின் அப்பா கம்பெனிச் சட்டையோடு அவளை அழைத்துப்போக வந்தார். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அவர் வேலை. மகளின் சிலேட்டை வாங்கி, தள்ளிப் பிடித்து, சாய்த்துப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை. பிறகு எல்லாவற்றையும். வலப்பக்கம் நிற்க வேண்டிய கோடு எல்லாச் சிலேட்டிலும் இடப்பக்கம் நின்றது. எதிரே உட்கார்ந்தவனின் வலது தங்களுக்கு இடது என்பதைப் பிள்ளைகள் நேர்மையாகப் பின்பற்றியிருந்தார்கள்.

“ஒரு பீஸ்ல தப்பிருந்தா ஆப்பரேட்டர் தப்பு சார். லாட்டு மொத்தமும் ஒரே மாரி இருந்தா மெஷினத்தான் பாக்கணும்,” என்றார். மெஷின் தலையைக் குனிந்துகொண்டது.

அவர் சிரிக்கவில்லை. மறைமலை நகரில் ஒரு பள்ளியில் திங்கட்கிழமை மகளைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். பரீட்சை இல்லையாம், சும்மா ஓர் எழுத்து எழுதச் சொல்லிப் பார்ப்பார்களாம். அங்கே சாயங்காலம் வரை பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். “அங்க சீட்டு கெடைக்கலன்னா இவ அம்மா வேலைய வுட்டுட்டு வூட்ல நிக்கணும் சார். இப்பதான் பெர்மனன்ட் ஆயிருக்கா. எதுனா பண்ணுங்க.”

சனிக்கிழமை காலை, திருத்தும் வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் என்னைக் கண்டுகொள்ளாமல், நாற்காலிகளை வரிசையாகப் போட்டு கம்பெனி பஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தினமும் விளையாடுவதுதான். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்டதும், முன் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“தாத்தா, நீ டிரைவரா?”

“டிரைவர்தான். டிரைவர் கை எங்கே போகிறதோ அங்கேதான் எல்லார் கையும்.”

அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி காற்றில் ‘அ’ ஓட்டினேன். சுழித்து, வளைத்து, வலப்பக்கம் கோட்டை இறக்கி பிரேக். பின்னாலிருந்து, “டிரைவர், வாலாஜாபாத் போவுமா?” என்று சத்தம். ஒருவன் தூங்கும் பயணியாக நடித்தான், தினமும் பார்ப்பதுதானே. உணவு வேளைக்குள் சிலேட்டுகளில் கோடுகள் பக்கம் மாறத் தொடங்கின. ஓ.டி. பெண் மட்டும் பழையபடியே எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். வீட்டுக்குப் போகும் நேரத்தில்தான் அவளுடைய ‘அ’ சரியாகத் திரும்பி நின்றது.

ஞாயிறு முழுக்க எனக்குப் புத்தகம் ஓடவில்லை. திங்கள் மாலை அவள் அப்பா லட்டு டப்பாவுடன் வந்தார்.

“சீட்டு கெடச்சிட்ச்சி சார். மிஸ்ஸு எதிர்ல குந்திகினு எழுதச் சொன்னாங்க. இவ, ‘நீ திரும்பி குந்து’ன்னுட்டா. அவங்களும் சிரிச்சிகினே திரும்பிக்கினாங்க. அப்பறம் சூப்பரா எழுதிட்டா.”

ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, எதிர்பார்ப்பு குரலில் தெரியாதபடி, “யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருப்பார்களே?” என்றேன்.

“கேட்டாங்க சார். எங்க பஸ் டிரைவருன்னு சொல்ட்டா.” டப்பாவை மூடினார். “நானும் மாத்திச் சொல்லல சார். அவங்க அதத்தான் நம்புனாங்க.”